சொந்த சைக்கிளுடன் வெளிநாட்டு மலைப்பாதைக்குச் செல்பவர் சர்வீஸுக்கும் உதிரிபாகங்களுக்கும் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள உங்கள் மலை சைக்கிளை விமானத்தில் எடுத்துச்சென்று, இரண்டு வாரம் வெளிநாட்டு மலைப்பாதைகளில் ஓட்டப்போகிறீர்கள். சர்வீஸுக்கும் உதிரிபாகங்களுக்கும் எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும், எந்த வேலையைக் கிளம்புவதற்கு முன்பே முடிக்க வேண்டும், எதைப் போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கேள்வி. நாட்டுக்கு நாடு கூலி மாறுவதாலும் தரைக்குத் தரை தேய்மானம் மாறுவதாலும் ஒரே தொகையைச் சொல்லி முடித்துவிட முடியாது. அந்தத் தொகையை நீங்களே போட்டுப் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கணக்கு. விமானச் சீட்டு, தங்குமிடம், சைக்கிளோடு மலைமேல் ஏற்றிவிடும் லிப்டின் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, சைக்கிள் ஓட்டப்போகும் நாட்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் பயணத்தில் ஒரு நாளின் விலை. அதன் பக்கத்தில் ஒரு ஜோடி பிரேக் பேடின் விலையை எழுதுங்கள். உதிரிபாகம் வெளியூரில் ஒன்றரை மடங்கு விலைக்கு விற்றாலும் அது பெரிய இழப்பாக இருக்காது. அது கிடைக்காமல் இரண்டு நாள் அறையில் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய இழப்பு. நான் கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒப்பீட்டிலிருந்து வருவதுதான்.

தேய்மானத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் மணி நேரத்தில் அளக்க வேண்டும். சஸ்பென்ஷன் தயாரிப்பாளர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ராக்‌ஷாக்ஸ் தன் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றும் சிறு சர்வீஸை 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும், உள்ளே அதிர்வை அடக்கும் டேம்பர் வரையிலான முழுச் சர்வீஸைப் பெரும்பாலான மலை ஃபோர்க்குகளுக்கு 200 மணி நேரத்துக்கு ஒருமுறையும் செய்யச் சொல்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது முழுச் சர்வீஸ் என்கிறது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்கு 50 மணி நேரம் என்பது நான்கு மாதம். பயணத்தில் நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் அது பத்தே நாள். ஆகவே இரண்டு வாரப் பயணம் ஒன்று, சிறு சர்வீஸின் தவணை ஒன்றை முழுவதுமாகத் தின்றுவிடும். ஏற்கெனவே முப்பது மணி நேரம் ஓடிய ஃபோர்க்கை அப்படியே எடுத்துச்சென்றால் பயணத்தின் நடுவிலேயே தவணை வந்து நிற்கும். கிளம்புவதற்கு முந்தைய மாதம் அந்தச் சிறு சர்வீஸை முடித்துவிடுவது, செலவைப் பொறுத்தவரை நீங்கள் எடுக்கக்கூடிய மிகச் சிக்கனமான முடிவு. ஏனென்றால் எப்படியும் செய்யவேண்டிய வேலையைத்தான் முன்னதாகச் செய்கிறீர்கள்.

பின் சஸ்பென்ஷனான ஷாக்கின் விஷயம் இன்னும் கறாரானது. அதன் காற்றறையைத் திறந்து சீல்களை மாற்றும் வேலையை எந்த நல்ல மெக்கானிக்கும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார். உள்ளே உள்ள டேம்பரில் கை வைக்க வேண்டுமென்றால் தனிக்கருவிகளும், பெரும்பாலான ஷாக்குகளுக்கு உயர் அழுத்த நைட்ரஜன் நிரப்பும் வசதியும் வேண்டும். சுற்றுலா ஊர்க் கடைகளில் பல இந்த வேலையைத் தாங்களே செய்யாமல் சர்வீஸ் மையத்துக்கு அனுப்பிவைக்கும். போய் வருவதற்குள் உங்கள் விடுமுறை முடிந்திருக்கும். ஷாக்கில் எண்ணெய் கசிவதையோ, அழுத்தி விடும்போது தண்ணீர் கொப்பளிப்பதுபோல் ஒலி வருவதையோ கிளம்பும் முன் கவனித்துவிட்டு, “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்க்க மட்டும்தான் முடியும்.

இனி பிரேக்குக்கு வருகிறேன். இரண்டு வாரப் பயணத்தில் உறுதியாகப் பணம் கேட்கும் உறுப்பு இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 500 மீட்டர் உயர வித்தியாசமுள்ள லிப்டில் ஒரு நாளில் பத்து முறை ஏறிச் சைக்கிளில் இறங்கினால் மொத்த இறக்கம் 5,000 மீட்டர். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 95 கிலோ என்று கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 46 லட்சம் ஜூல். சாதாரண வெப்பநிலையில் உள்ள 13 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. இதில் ஒரு பங்கு காற்றுத் தடையிலும் டயரிலும் சஸ்பென்ஷனிலும் கழிந்துபோகும் என்றாலும், செங்குத்தான பாதையில் பெரும்பங்கு இரண்டு டிஸ்க்குகளின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வீட்டருகே மிதித்து ஏறி இறங்குபவர் ஒரு மாதத்தில் இறங்கும் உயரத்தை, லிப்ட் உள்ள இடத்தில் ஒரே நாளில் இறங்கிவிடுகிறார். உலர்ந்த தரையில் ஒரு வாரம் தாங்கும் மென்மையான ரெசின் பேடுகள், மழையில் சேறும் மணலும் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்ட நிலையில் இரண்டே நாளில் உலோகம் தெரியும்வரை தேய்ந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன்.

பேடுகளின் எல்லையை ஊகத்தில் விடாதீர்கள். ஷிமானோ தன் பேடுகளில் உராய்வுப் பொருள் 0.5 மில்லிமீட்டராகக் குறைந்ததும் மாற்றச் சொல்கிறது. ஸ்ராம் பின்தகட்டையும் சேர்த்து மொத்தத் தடிமன் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றச் சொல்கிறது. பாதி தேய்ந்த பேடுகளுடன் விமானம் ஏறுவதில் சிக்கனம் எதுவும் இல்லை. புதியதைப் போட்டு, வீட்டருகிலேயே இரண்டு மூன்று முறை ஓட்டிப் பதப்படுத்திவிட்டு, பாதி தேய்ந்த பழையதை அவசரத்துக்குப் பையில் வைத்துக்கொள்ளலாம். நீண்ட இறக்கத்துக்கு உலோகத் துகள்களை அழுத்திச் செய்த சின்டர்ட் பேடுகள் ஏற்றவை: வெப்பத்தைத் தாங்கும், ஈரத்தில் நீடிக்கும், கொஞ்சம் சத்தம் போடும். ஆனால் சில டிஸ்க்குகளில் “ரெசின் பேட் மட்டும்” என்று பொறித்திருக்கும். அவற்றில் சின்டர்ட் பேடுகளைப் போட்டால் பேட் தேய்வதற்குப் பதில் டிஸ்க் தேயும். அந்த டிஸ்க்குகளையே முன்னதாக மாற்றிவிடுவது நல்லது. டிஸ்க்குக்கும் எல்லை உண்டு: ஷிமானோ டிஸ்க் 1.5 மில்லிமீட்டருக்கு மெலிந்தால் அதன் ஆயுள் முடிந்தது, அந்த அளவு அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

எத்தனை ஜோடி எடுத்துச்செல்வது என்றால், லிப்ட் உள்ள இடத்தில் இரண்டு வாரத்துக்கு, பொருத்தியிருப்பதைத் தவிர முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு இரண்டும் என்பது என் அளவு. உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பொருளைப் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது என்பதற்குக் காரணம் விலை இல்லை, வடிவம். ஒவ்வொரு பிரேக்குக்கும் பேடின் வடிவம் வேறு; ஒரே நிறுவனத்தின் இரண்டு பிஸ்டன் பிரேக்கில் போடுவது நான்கு பிஸ்டன் பிரேக்கில் பொருந்தாது. பரவலாக உள்ள பிரேக்குக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். சற்று அரிதான நிறுவனத்தின் பிரேக்காக இருந்தால் பருவத்தின் நெரிசலான வாரத்தில் கடையில் அந்தக் கொக்கி காலியாகத்தான் தொங்கும்.

பிரேக்கில் காற்று எடுக்கும் வேலையையும், அதாவது பிரேக் திரவத்தில் சேர்ந்த காற்றை வெளியேற்றுவதையும், கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். லீவர் கொஞ்சம் மெத்தென்று இருப்பது உள்ளூர்ப் பாதையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைதான். நீண்ட இறக்கத்தில் பழைய திரவம் சூடாகிக் கொதிக்கும்போது லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். திரவத்தில் இரு குலம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஷிமானோவும் மகுராவும் மினரல் ஆயிலில் இயங்குகின்றன. ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளும் ஹோப்பும் கார் பிரேக்குகளில் ஊற்றும் டாட் வகைத் திரவத்தில் இயங்குகின்றன. ஆனால் ஸ்ராமின் மேவன், டிபி8 போன்ற சில மினரல் ஆயிலில் இயங்குபவை. ஒன்றில் மற்றதை ஊற்றினால் சீல்கள் கெட்டு, முழு பிரேக்கையும் மாற்றும் செலவு வந்துவிடும். மொழி தெரியாத ஊரில் அவசரத்தில் வேலை கொடுக்கும்போது, எந்தத் திரவம் என்பதை நீங்களே ஒரு சீட்டில் எழுதி லீவரில் ஒட்டிக் கொடுப்பது அசட்டுத்தனமாகத் தோன்றலாம். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

செயினும் பற்சக்கரங்களும் பிரேக் போலத் திடீரென்று காலியாவதில்லை, ஆனால் இவற்றில் நேரம் தவறினால் செலவு மும்மடங்காகும். 11 அல்லது 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டால் மாற்றுவது வழக்கம். அதாவது 24 கண்ணிகள் கொண்ட ஓர் அடி நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர். அந்த எல்லையைத் தாண்டி ஓட்டியிருந்தால் பின் பற்சக்கர அடுக்கும் அந்தச் செயினோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். புதுச் செயின் பழைய பற்களில் உட்காராமல் வழுக்கும். பயணத்துக்கு முந்தைய இரவில் புதுச் செயினை மாட்டிக்கொண்டு கிளம்புபவர் இதை முதல் ஏற்றத்தில்தான் கண்டுபிடிப்பார், அப்போது பற்சக்கர அடுக்கையும் அந்த ஊர் விலைக்கு வாங்க நேரும். மாற்றுவதாக இருந்தால் மூன்று வாரம் முன்பே மாற்றி ஓட்டிப் பாருங்கள். போன இடத்தில் பற்சக்கர அடுக்கை வாங்கும் நிலை வந்தால், உங்கள் பின் சக்கரத்தின் மையத்தில், அதாவது ஹப்பில், இருப்பது ஷிமானோவின் பழைய ஹெச்ஜி அமைப்பா, மைக்ரோ ஸ்பிளைனா, ஸ்ராமின் எக்ஸ்டியா என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. செயின் இணைப்புக் கண்ணி மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 12 கியர் இணைப்புகளில் பெரும்பாலானவை ஒருமுறை பூட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை.

எடுத்துச்செல்லும் பொருட்களில் ஒன்றே ஒன்றைத்தான் அனுமதிப்போம் என்று யாராவது சொன்னால் நான் டீரெய்லர் ஹேங்கரைத்தான் எடுப்பேன். செயினைப் பற்சக்கரங்களுக்கிடையே நகர்த்தும் பின் டீரெய்லரைச் சைக்கிளின் சட்டத்தோடு (ஃபிரேமோடு) இணைக்கும் இந்தச் சிறு அலுமினியத் துண்டு, கல்லில் அடிபடும்போது தான் வளைந்து டீரெய்லரையும் சட்டத்தையும் காப்பதற்காகவே மெலிதாகச் செய்யப்பட்டது. ஸ்ராம் 2019இல் யுடிஹெச் என்ற பொது ஹேங்கரைக் கொண்டுவரும்வரை ஏறக்குறைய ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு தனி வடிவம் இருந்தது. பழைய சட்டங்கள் பலவற்றுக்கு இன்னும் அப்படித்தான். ஒருமுறை ஆல்ப்ஸ் மலையில் மூன்றாம் நாள் காலையிலேயே என் ஹேங்கர் முறிந்தது. ஊரில் நான்கு கடைகள், நான்கிலும் பெட்டி நிறைய ஹேங்கர்கள், ஒன்றும் என் சட்டத்துக்கு இல்லை. தூதஞ்சலில் வந்து சேர இரண்டு நாளும் ஒரு காலையும் ஆயின. அந்த இரண்டு நாளில் ஓட்டாமலே வீணான லிப்ட் கட்டணத்துக்குச் சில ஹேங்கர்கள் வாங்கியிருக்கலாம். அதிலிருந்து இரண்டு ஹேங்கர்கள் இல்லாமல் நான் பயணம் கிளம்புவதில்லை. 2023இல் வந்த, சட்டத்திலேயே நேராகப் பூட்டப்படும் ஸ்ராம் டிரான்ஸ்மிஷன் வகை டீரெய்லர் உங்களிடம் இருந்தால் ஹேங்கர் என்ற உறுப்பே இல்லை. ஆனால் அதில் அடிபட்டு உடைந்தால் மாற்றுவதற்கு ஆகும் தொகையும் அதற்கேற்றது.

டயரும் சக்கரமும் எவ்வளவு செலவு வைக்கும் என்பதைப் போகும் ஊரின் தரைதான் முடிவுசெய்கிறது. அமெரிக்காவின் மோஆபில் மணற்பாறை உப்புத்தாள் போல இருக்கும்; அற்புதமான பிடிப்பு, அதே அளவுக்குத் தேய்மானம். இத்தாலியின் ஃபினாலே லிகூரேயில் கூரிய சுண்ணாம்புக் கற்கள் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் எரிமலை மண் தண்ணீரை விரைவில் உறிஞ்சிவிடுவதால் மழைக்குப் பிறகும் ஓட்ட முடியும், டயரும் அதிகம் அடிபடாது. கனடாவின் விஸ்லரிலும், பிரான்ஸ்–சுவிட்சர்லாந்து எல்லையில் மோர்சீன், லே ஜெ, ஷாத்தெல் போன்ற ஊர்களை லிப்டுகளால் இணைக்கும் போர்ட் டு சொலேயிலும், ஆயிரக்கணக்கானோர் பிரேக் பிடித்துப் பிடித்து உண்டான வரிசைக் குழிகள் பாதையில் நிறைந்திருக்கும். அவை டயரைவிட ஆரக்கம்பிகளையும் பேரிங்குகளையும் சஸ்பென்ஷனையும் சோதிப்பவை. பாறை நிலத்துக்குப் போவதாக இருந்தால் கனமான உறையுள்ள டயரைக் கிளம்பும் முன்பே மாட்டிவிடுங்கள். மெல்லிய டயர் கிழிந்து, அவசரத்துக்கு ஒன்றை அங்கே வாங்கி, அது மட்டுமல்லாமல் கல்லில் மோதிப் பள்ளமான ரிம்மையும் சரிசெய்வதைவிட இது எவ்வளவோ மலிவு.

சக்கரத்துக்கு ஆரக்கம்பிகளை உங்கள் நீளத்தில் எடுத்துச்செல்ல வேண்டும். முன்னும் பின்னும், இடமும் வலமும் நீளம் மாறும். ஒவ்வொன்றிலும் இரண்டு போதும், சட்டத்தின் குழாயோடு டேப் போட்டு ஒட்டிவிட்டால் பையில் இடமும் பிடிக்காது. சரியான நீளம் கையில் இருந்தால் மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. இல்லையென்றால் அவர் அளந்து, தேடி, வெட்டித் திருகு போட வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. டயருக்குள் இருந்து ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட்டைப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் புதிதாக ஊற்றுங்கள், வால்வு உள்முள் இரண்டும் டயர் ஓட்டையில் செருகும் ஒட்டுக் குச்சிகளும் ஒரு ட்யூபும் போதும். டயரும் ட்யூபும் சீலன்ட்டும் எங்கும் கிடைப்பவை. அவற்றை மூட்டை கட்டிச்செல்வது சுமைக் கட்டணத்தை வீணாக்குவதாகும்.

பேரிங்குகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. சட்டத்தின் மூட்டுகளிலும் பல ஹப்களிலும் உள்ளவை பொதுவான தொழிற்சாலை அளவுகள். 6902 என்று பொறித்திருந்தால் 15 மில்லிமீட்டர் உள்விட்டம், 28 வெளிவிட்டம், 7 அகலம், உலகில் எங்கும் அதே அளவுதான். சைக்கிள் கடையில் இல்லையென்றால் இயந்திர உதிரிபாகக் கடையில் கிடைக்கும், பெரும்பாலும் மலிவாகவும். எண்களை மட்டும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெடல் அச்சின் பேரிங்கில் சந்தேகம் இருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள், ஏனெனில் அதில் அளவுகளும் அமைப்புகளும் ஏராளம்.

அடுத்தது விமானப் பயணம். பயணங்களில் நான் பார்த்த சேதங்களில் கணிசமானவை மலைப்பாதையில் நேர்ந்தவை அல்ல, பெட்டிக்குள் நேர்ந்தவை. டீரெய்லரைக் கழற்றிச் சட்டத்தின் உட்பக்கம் கட்டுங்கள். டிஸ்க்குகளைச் சக்கரத்திலிருந்து கழற்றி இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். பேடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் தகட்டைச் செருகுங்கள், இல்லையென்றால் வழியில் லீவர் அழுந்திப் பிஸ்டன்கள் ஒட்டிக்கொள்ளும். வளைந்த டிஸ்க்கை நிமிர்த்தும் கூலி சிறியதுதான், ஆனால் முதல் நாள் காலை போய்விடும். டயரிலிருந்து காற்றை முழுவதும் இறக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள்: சரக்கறையும் அழுத்தம் கட்டுப்படுத்தப்பட்ட இடம் என்பதால் டயர் வெடிக்காது, விமான நிறுவனங்கள் கேட்பதால் குறைத்துவிடுவது நல்லது, டியூப்லெஸ் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடாத அளவுக்கு மட்டும். எரியக்கூடிய பிரேக் கிளீனர், கார்பன் டை ஆக்சைடு உருளை ஆகியவற்றைப் போய்ச் சேர்ந்த பின் வாங்கிக்கொள்ளுங்கள். சோதனையில் பறிபோவதற்கென்று சுமக்க வேண்டாம். மின்சார டீரெய்லரின் உபரி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும். மின்மோட்டார் உள்ள மலை சைக்கிளின் பேட்டரிகள் பயணிகள் விமானத்தின் 160 வாட் மணி வரம்பைப் பல மடங்கு தாண்டுபவை, ஆகவே அந்தச் சைக்கிளுக்கு இந்தப் பதிலே பொருந்தாது. அதை வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும்.

பெட்டியை விமான நிலையத்திலேயே திறந்து பாருங்கள். சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதத்துக்கான எழுத்துவழிப் புகாரைச் சுமை கைக்கு வந்த 7 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்று உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் நடப்பில் உள்ள எண் இது. நல்ல மலை சைக்கிள் பலவற்றின் விலை அதைத் தாண்டும். அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் பயணக் காப்பீடு. காப்பீட்டில் சைக்கிளுக்குத் தனி வரம்பு இருக்கிறதா, ஓட்டும்போது ஏற்படும் சேதம் சேருமா என்று வாசியுங்கள். ஓட்டும்போது ஏற்படும் தேய்மானத்தை எந்தக் காப்பீடும் ஏற்காது. சைக்கிளையும் பெட்டியில் அடுக்கிய விதத்தையும் படமெடுத்து, வாங்கிய ரசீதுகளோடு கைபேசியில் வைத்திருங்கள். சுங்கத்தில் புதிய உதிரிபாகங்களைப் பற்றிக் கேட்டாலும் அந்த ரசீது உதவும்.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. மண்ணில் ஓட்டிய சைக்கிளை வந்திறங்கும் படிவத்தில் அறிவித்தே ஆக வேண்டும். டயரின் பள்ளங்களிலும் சட்டத்தின் அடியிலும் மண் இருந்தால் வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் உள்ளே வராமல் தடுக்கும் உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் சுத்தம் செய்ய வைப்பார்கள், நேரமும் செலவும் உங்களுடையது. பழைய பல்துலக்கியோடு ஒரு மாலை உட்கார்ந்தால் தீரும் வேலை.

இனி பணிமனையின் வழக்கங்கள். மலை ஊர்களில் பருவம் குறுகியது; ஆல்ப்ஸில் பல லிப்டுகள் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் சைக்கிளுக்கு ஓடுகின்றன. அந்த மூன்று மாதத்தில் கடைக்காரர் ஆண்டுக்கே சம்பாதிக்க வேண்டும், அதனால் கூலி நகரத்தைவிடக் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை, அதில் குறைசொல்லவும் ஒன்றுமில்லை. விஸ்லரில் 2004 முதல் நடந்துவரும் கிராங்வொர்க்ஸ் விழா போன்ற வாரங்களில் பணிமனையில் இடமே கிடைக்காமல் போகலாம். தங்குமிடம் பதிவுசெய்யும்போதே, பயணத்தின் நடுவில் வரும் ஓய்வு நாளுக்கு ஒரு பணிமனையில் நேரம் கேட்டு எழுதிவிடுங்கள். வேலை எதுவும் தேவைப்படாவிட்டால் இரண்டு நாள் முன்னதாக ரத்துசெய்யலாம்.

சைக்கிளைக் கழுவிவிட்டுக் கொடுங்கள். பல கடைகள் சேற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்கும். கூலி பெரும்பாலும் குறைந்தபட்ச அளவு ஒன்றிலிருந்துதான் தொடங்கும், ஆகவே ஐந்து நிமிட வேலைகள் மூன்று இருந்தால் மூன்று நாள் தனித்தனியே போகாமல் ஒன்றாகக் கொடுங்கள். “இதைத் தாண்டினால் என்னைக் கேட்காமல் செய்யவேண்டாம்” என்று ஒரு தொகையை முன்பே சொல்லிவிடுவதை எந்த நல்ல மெக்கானிக்கும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நீங்கள் கொண்டுவந்த உதிரிபாகத்தைப் பொருத்துவார்களா என்றும் கேளுங்கள். சில கடைகள் மறுக்கும், சில கூடுதல் கூலி கேட்கும், அவர்களுக்கு லாபம் உதிரிபாகத்தில்தான் இருக்கிறது. பேட் மாற்றுவது, ஹேங்கர் மாற்றுவது, செயின் பூட்டுவது, டயரை ஏற்றி இறக்குவது ஆகிய நான்கையும் நீங்களே செய்யக் கற்றுக்கொண்டால் பயணத்தின் கூலிச் செலவில் பாதிக்குமேல் குறைந்துவிடும் என்பது என் அனுபவம். அலன் கீ தொகுதி, டி25 நட்சத்திர முனைச் சாவி, செயின் வெட்டி, சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் ஷாக் பம்ப் ஆகியவை இதற்குப் போதும்.

விலைச்சீட்டைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் சீட்டில் உள்ள விலையில் வரி அடங்கியிருக்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பணம் கட்டும்போதுதான் வரி சேரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள், வாங்கிப் பயன்படுத்தாமல் எடுத்துச்செல்லும் பொருளுக்கு மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். கூலிக்கும், அங்கேயே மாட்டித் தேய்த்த பேடுக்கும் அது இல்லை. அட்டை இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாமென்று அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அந்த வசதிக்கான மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும்.

இப்போது தொகைக்கு வருவோம். மூன்று வரிகளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரி, கிளம்பும் முன் செய்பவை: ஃபோர்க், ஷாக் சிறு சர்வீஸ், பிரேக்கில் காற்று எடுத்தல், எல்லையைத் தொட்ட செயின், தேவையானால் டயர், பேடு உட்படக் கையோடு கொண்டுபோகும் உதிரிபாகங்கள். இதை உங்கள் ஊர் விலையில் துல்லியமாகப் போட முடியும், இதில் பாதி எப்படியும் இந்த ஆண்டு செலவாகியிருக்கக்கூடியது. இரண்டாம் வரி, போன இடத்தில் ஏறக்குறைய உறுதியாக ஆகக்கூடியவை: ஒரு பின் டயர், பின் சக்கரத்தை நேராக்கும் கூலி, ஒரு பிரேக்கில் மீண்டும் காற்று எடுக்கும் கூலி, சீலன்ட், கிளீனர். இவற்றை உங்கள் ஊர் விலையில் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். நான் போன இடங்களில் இந்த இரட்டிப்பு போதுமானதாகவே இருந்திருக்கிறது. மூன்றாம் வரி, நடக்காமல் போகலாம், நடந்தால் பயணத்தை நிறுத்தக்கூடியவை: ஒரு பின் டீரெய்லர், ஒரு பின் ரிம்மும் அதைக் கட்டும் கூலியும். இந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் அட்டையில் இருப்பாக வைத்திருங்கள். டீரெய்லர் உடைந்தால் உங்களுடையதைப் போன்ற விலையுயர்ந்ததையே வாங்க வேண்டியதில்லை. கியர் எண்ணிக்கையும் நிறுவன வரிசையும் ஒத்துப்போகும் விலை குறைந்த மாதிரி ஒன்று பயணத்தை முடித்துவைக்கும்.

இந்த மூன்று வரிகளையும், சைக்கிளுக்கான விமானக் கட்டணத்தையும் கூட்டி, அதே நாட்களுக்கு நல்ல சைக்கிளை வாடகைக்கு எடுக்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். என் மதிப்பீட்டில் நான்கைந்து நாளுக்குக் குறைவான பயணத்துக்கு, அதுவும் பிரேக்கைத் தின்னும் லிப்ட் ஊர்களுக்கு, வாடகைதான் லாபம். பேடும் சஸ்பென்ஷனும் அவர்களுடையவை. வாடகைச் சைக்கிளின் சேதப் பாதுகாப்புத் திட்டத்தில் டயர், ரிம், டீரெய்லர் அடங்குமா என்று மட்டும் கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், பல திட்டங்களில் அவை அடங்காது. பத்து நாளுக்கு மேல், குறிப்பாகத் தினம் ஓர் ஊராக நகரும் பயணத்துக்குச் சொந்தச் சைக்கிளையே எடுத்துச்செல்லுங்கள்.

திரும்புவதற்கு முந்தைய மாலை, பெட்டியில் அடுக்கும்போதே, பேடின் தடிமன், செயினின் நீட்சி, ஓட்டிய மொத்த மணி நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். 50 மணி நேரம் நெருங்கியிருந்தால் ஃபோர்க்கின் அடுத்த சிறு சர்வீஸ் ஊர் திரும்பிய வாரமே உங்களுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் கூலியும் இந்தப் பயணத்தின் கணக்கில்தான் சேரும்.